புதுவகைச் சுகாதார யோசனைக்கு யாரிடம் மானியம் கேட்பது? தோட்டப்புறக் குழுக்களுக்கு ஓர் ஒப்பீடு

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் ஒரே கேள்வி பல வாய்களிலிருந்து வருகிறது. ஒரு கோயில் நிர்வாகக் குழு, ஒரு முன்னாள் மாணவர் சங்கம், பணி ஓய்வு பெற்ற தாதியரும் ஆசிரியரும் சேர்ந்த ஒரு சிறு வட்டம் என்று யாரேனும், தங்கள் பகுதி மக்களின் உடல்நலத்துக்காக இதுவரை எவரும் செய்து பார்க்காத ஒன்றைச் செய்ய விரும்புகிறார்கள். இந்தியர் மேம்பாட்டுக்கான அரசுப் பிரிவாகிய மித்ராவுக்கு விண்ணப்பிப்பதா, பெருநிறுவனங்களின் அறக்கட்டளைகளான நிறுவன அறவாரியங்களை நாடுவதா, பல்கலைக்கழகத்தோடு சேர்வதா, வெளிநாட்டு நிதிக்கு முயல்வதா என்ற இடத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். எங்கே தொகை அதிகம் என்பதைத்தான் பெரும்பாலோர் முதலில் கேட்கிறார்கள். என் கருத்தில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. மானியம் தருகிற ஒவ்வொருவரும், தீய நோக்கம் எதுவுமின்றியே, யோசனையைத் தமக்குப் பழக்கமான வடிவத்துக்கு வளைக்கிறார்கள். ஏற்கெனவே பழகிப்போன திட்டங்களுக்கு அதனால் பெரிய கேடில்லை; புதிய யோசனையோ அந்த வளைவிலேயே அடையாளம் இழந்துவிடும். ஆகவே எந்த வழி நம் யோசனையைக் குறைவாக வளைக்கும் என்பதையே முதன்மை அளவுகோலாக வைத்து இந்த ஒப்பீட்டைச் செய்திருக்கிறேன்.

## எது புதிய யோசனை?

இலவச ரத்தப் பரிசோதனை முகாம் புதிய யோசனை அன்று. தன்னார்வலர்களைக் கொண்டு குடியிருப்புப் பகுதிகளில் பரிசோதனை நடத்தும் கோஸ்பென் திட்டத்தைச் சுகாதார அமைச்சு 2013-இலேயே தொடங்கிவிட்டது. குறைந்த வருமானக் குடும்பங்களைச் சேர்ந்த நாற்பது வயதுக்கு மேற்பட்டோருக்கான பெக்கா பி40 இலவசப் பரிசோதனை 2019 முதல் நடப்பில் உள்ளது. 2019-இன் தேசிய சுகாதார, நோய்நிலை ஆய்வு, வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அது மிக அதிகம். நோய் இருப்பது தெரியாமலில்லை. தெரிந்த பிறகு ஒருவருக்குக் கிடைக்கும் கவனிப்பு, அவர் வசிக்கும் இடத்தையும் அவர் வாங்கும் நாள்கூலியையும் பொறுத்து வேறுபடுவதுதான் சிக்கல். அந்த வேறுபாடு அடுத்த தலைமுறைக்கும் தொடராமலிருக்க என்ன செய்யலாம் என்று கேட்கிற யோசனைகளையே இங்கே கருதுகிறேன்.

வழிகளை வெறுமனே வரிசைப்படுத்துவதை விட, இரண்டு யோசனைகளைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வழியிலும் அவை என்னவாகும் என்று பார்ப்பது பயன்தரும்.

முதலாவதைத் துணையாள் கூலி என்று அழைப்போம். அரசு மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்க மலேசியக் குடிமகன் செலுத்துவது 5 ரிங்கிட். ஆனால் சுங்கை சிப்புட்டை அடுத்த தோட்டத்தில் வசிக்கும் முதியவர் ஒருவர் ஈப்போவின் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்குப் போக வேண்டுமானால், ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தூரத்துக்கு யாராவது உடன் செல்ல வேண்டும். மகனோ மருமகளோ ஒரு நாள் சம்பளத்தை இழக்க வேண்டும். மாதம் 1,700 ரிங்கிட் என்ற குறைந்தபட்சச் சம்பளத்தில், வாரம் ஆறு நாள் வேலை செய்பவருக்கு ஒரு நாளின் மதிப்பு 65 ரிங்கிட் 38 சென். ஐந்து ரிங்கிட் மருத்துவம், பயணச் செலவைச் சேர்க்கும் முன்பே, அந்தக் குடும்பத்துக்கு எழுபது ரிங்கிட் ஆகிவிடுகிறது. உடன் செல்பவரின் ஒரு நாள் கூலியைக் குழுவே ஈடுகட்டினால் தவறவிடப்படும் சந்திப்புகள் குறைகின்றனவா என்று பார்ப்பதே இந்த யோசனை.

இரண்டாவது, வெயிலும் சிறுநீரகமும். நீரிழிவோ ரத்த அழுத்தமோ இல்லாத வயல், தோட்டத் தொழிலாளர்களுக்குச் சிறுநீரகம் செயலிழப்பது மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களிலும், இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும், ஆந்திரத்தின் உத்தானம் பகுதியிலும் பதிவாகியிருக்கிறது. காரணம் எல்லா இடத்திலும் ஒன்றே என்று முடிவாகவில்லை. ஆயினும் மத்திய அமெரிக்காவில் கடும் வெப்பத்தில் ஓய்வின்றி உழைப்பதும் உடலில் நீர் வற்றுவதும் முக்கியக் காரணங்களாகக் கருதப்பட்டு, நீர், நிழல், ஓய்வு ஆகிய மூன்றையும் முறைப்படுத்தும் திட்டங்கள் கரும்பு ஆலைகளில் நடைமுறைக்கு வந்தன. நம் செம்பனைத் தோட்டங்களில் குலை வெட்டுபவர்களுக்கும் உதிரிப்பழம் பொறுக்குபவர்களுக்கும் அத்தகைய பாதிப்பு உண்டா, வெயில் கூடிக்கொண்டே போகும் வருங்காலத்தில் அது என்னவாகும் என்று இப்போதே கேட்பது இரண்டாவது யோசனை.

முதலாவதற்குப் பணம் சிறிது போதும், அளவீடும் எளிது. இரண்டாவதற்கு ஆய்வகம், நெறிமுறை ஒப்புதல், தோட்ட நிர்வாகத்தின் இசைவு ஆகிய மூன்றும் தேவை. இவ்விரண்டுக்கும் ஒரே கதவைத் தட்டுவது பொருந்தாது.

## எவற்றைக் கொண்டு எடைபோடுவது?

யோசனை எந்தப் பக்கம் வளையும் என்பதை முதல் அளவுகோலாகச் சொல்லிவிட்டேன். அடுத்தது, பணத்தை எதற்குச் செலவிட அனுமதிப்பார்கள் என்பது. பொருள் வாங்க எளிதில் கிடைக்கும் பணம், ஆளுக்குக் கூலி கொடுக்கக் கிடைப்பதில்லை. துணையாள் கூலி போன்ற யோசனை இந்த ஒரு விதியிலேயே அடிபட்டுப் போகலாம். மூன்றாவது, யாரைச் சேர்க்கலாம் என்பது. தோட்டப்புறத்தில் இன்று குலை வெட்டுபவர்களில் பெரும்பகுதியினர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். சுங்கை சிப்புட்டின் உட்பகுதியில் தெமியார் பூர்வகுடி மக்கள் வாழ்கிறார்கள். இவர்களை வெளியே நிறுத்திவிட்டுச் சமத்துவம் பேசுவது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதைக் குழு தனக்குள் பேசித் தீர்க்க வேண்டும்.

நான்காவது, சட்ட வடிவமும் கணக்கும். 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்று, ஆண்டுக் கணக்கை ஒழுங்காகத் தாக்கல் செய்துவரும் சங்கம் இல்லையென்றால் பெரும்பாலான கதவுகள் திறக்கவே மாட்டா. 2016-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் கீழ் உத்தரவாத வரம்புடைய நிறுவனமாக (பங்குகளுக்குப் பதில் உறுப்பினரின் உத்தரவாதத்தில் நிற்கும் நிறுவனமாக) பதிவு செய்வது மற்றொரு வழி. அதற்கு நிறுவனச் செயலாளர், தணிக்கையாளர் ஆகியோருக்கான ஆண்டுச் செலவு உண்டு. ஐந்தாவது, யோசனை பலிக்காவிட்டால் என்ன ஆகும் என்பது. புதிய யோசனைகளில் பல பலிப்பதில்லை. "எதிர்பார்த்தது நடக்கவில்லை, காரணம் இது" என்று நேர்மையாக எழுதும் இறுதி அறிக்கையை ஏற்கிற நிதியும் உண்டு, அதைக் குற்றமாகப் பார்க்கிற நிதியும் உண்டு.

## மித்ரா

மலேசிய இந்தியர் உருமாற்றப் பிரிவான மித்ராவுக்கு ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தில் 10 கோடி ரிங்கிட் ஒதுக்கப்பட்டு வந்திருக்கிறது. நம் மொழியிலேயே விளக்கம் கேட்கலாம். தோட்டப்புறம் என்றால் என்னவென்று யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. நம் ஊர்க் குழுக்கள் முதலில் இங்கே திரும்புவது இயல்புதான்.

இந்த வழி யோசனையைத் தலையெண்ணிக்கையின் பக்கம் வளைக்கிறது. பொதுப் பணம் என்பதால் எத்தனை பேர், எந்த வருமானப் பிரிவினர், ஒருவருக்கு எவ்வளவு என்ற கேள்விகள் முன்னுக்கு வருகின்றன. அவை நியாயமான கேள்விகள். 2021-இல் மித்ரா நிதியின் பயன்பாடு குறித்து ஊழல் தடுப்பு ஆணையம் விசாரணை நடத்தியதற்குப் பிறகு, எந்தக் குழுவும் தன் ரசீதுகளைக் கேள்வி கேட்கப்படும் என்ற எண்ணத்தோடு வைத்திருப்பதே நல்லது. ஆனால் இருபது குடும்பங்களோடு ஓராண்டு பொறுமையாக இருந்து பார்க்க வேண்டிய யோசனை, இருநூறு பேருக்கு ஒரே நாளில் நடத்தும் நிகழ்ச்சியாக விண்ணப்பப் படிவத்திலேயே உருமாறிவிடும் அபாயம் இங்கு அதிகம்.

மறைந்திருக்கும் செலவுகள் இரண்டு. ஒன்று காலம். ஒதுக்கீடு ஆண்டு வரவு செலவுத் திட்டத்தோடு பிணைந்தது. பிரதமர் துறையின் கீழும் ஒற்றுமைத் துறை அமைச்சின் கீழுமாக இந்தப் பிரிவு இடம் மாறியும் வந்திருக்கிறது. ஒப்புதல் தாமதமாகி, செலவிடும் கெடு மாறாமல் இருந்தால், ஓராண்டுத் திட்டம் சில மாதங்களுக்குள் நெருக்கப்படும். இரண்டாவது, யாரைச் சேர்க்கலாம் என்ற எல்லை. இந்தியச் சமூகத்துக்கென ஒதுக்கப்பட்ட பணம் அச்சமூகத்துக்குச் செலவாக வேண்டும் என்பதில் பிழையில்லை. ஆனால் வெயிலும் சிறுநீரகமும் பற்றிய யோசனைக்கு அது பொருந்தாது. ஒரே செம்பனை வரிசையில் குலை வெட்டும் இருவரில் ஒருவருக்கு மட்டும் ரத்தம் சோதிப்பது மருத்துவமாகவும் சரிவராது, மனத்துக்கும் ஒவ்வாது.

யோசனை ஏற்கெனவே சிறிய அளவில் சோதிக்கப்பட்டு, அதைப் பல ஊர்களுக்கு விரிக்க வேண்டிய கட்டத்தில் இருந்தால் மித்ரா ஏற்றது. துணையாள் கூலியின் முதல் ஆண்டுக்கு அன்று, மூன்றாவது ஆண்டுக்கு.

## நிறுவன அறவாரியங்கள்

தோட்டப்புறத்துக்கு மிக அருகில் இருப்பது தோட்டத் தொழிலோடு தொடர்புடைய சைம் டார்பியின் அறவாரியமாக 1982-இல் தொடங்கப்பட்ட யாயாசான் சைம் டார்பி. சமூகமும் சுகாதாரமும் அதன் ஆதரவுத் துறைகளுள் ஒன்று. அரசின் முதலீட்டு நிறுவனமான கசானா நேஷனலின் அறவாரியமாகிய யாயாசான் ஹசானா, சமூக அமைப்புகளோடு இணைந்து வேலை செய்வதையே தன் முறையாகக் கொண்டது. அடிமட்டப் புத்தாக்கங்களைத் தேடிப் போகும் யாயாசான் இனோவாசி மலேசியா, கருவியோ பொருளோ சார்ந்த யோசனைகளுக்கு ஏற்ற இடம்.

அறவாரியங்களின் நல்ல பக்கம், அவர்கள் பேசுவார்கள் என்பது. விண்ணப்பத்தை நிராகரிக்கும் முன் ஒரு சந்திப்புக்கு வாய்ப்பு உண்டு. திட்டத்தின் நடுவே மாற்றம் வேண்டுமென்றால் காரணத்தைச் சொல்லிக் கேட்கலாம். ஒரு சிறு குழு பொதுவாகக் கற்றுக்கொள்ளாத வேலைகளான கணக்கு முறை, விளைவை அளக்கும் முறை ஆகியவற்றை இந்த உறவிலேயே கற்றுக்கொள்ள முடியும்.

வளைவு வேறு திசையில் நிகழ்கிறது. நிறுவனப் பெயர் தாங்கிய பணம் புகைப்படத்தை விரும்பும். திறப்பு விழா நடத்தத் தக்க ஒன்று, பதாகை பின்னணியில் தெரியத்தக்க ஒன்று என்று யோசனை மெல்ல நகரும். ஒரு மருமகளின் கையில் 65 ரிங்கிட் 38 சென் கொடுப்பதைப் புகைப்படம் எடுக்க முடியாது; எடுக்கவும் கூடாது. விண்ணப்பத்திலேயே "பயனாளர்களின் முகம், பெயர் வெளியிடப்படாது" என்று எழுதிவிட்டு, அவர்கள் அதை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று பார்ப்பது நல்ல சோதனை.

வெயில் யோசனைக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. தோட்டத் தொழிலோடு தொடர்புடைய நிறுவனங்களின் பணத்தைக் கொண்டே தோட்ட வேலை உடலைக் கெடுக்கிறதா என்று ஆராய்ந்தால், முடிவு எதுவாயினும் நம்புவோர் குறைவர். பாதிப்பு இல்லை என்று வந்தால் தொழிலாளர் நம்பமாட்டார், உண்டு என்று வந்தால் அறிக்கை மேசையிலேயே தங்கிவிடக்கூடும். அதே நேரத்தில், பணத்தைக் கேட்காமல் இசைவை மட்டும் கேட்டால் இதே நிறுவனங்கள் பெரும் துணையாகலாம். வேலையிடத்தில் வெப்ப அழுத்தத்தைக் கையாள்வதற்கான வழிகாட்டியைத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2016-இலேயே வெளியிட்டிருக்கிறது; அதன்படி அளவீடு செய்ய உதவுகிறோம் என்று போவது குற்றம் சாட்டப் போவதாகத் தோன்றாது.

இன்னொரு மறைசெலவு வரி விலக்கு. 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6)-ஆம் பிரிவின் கீழ் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குக் கொடுக்கும் நன்கொடைக்கே கொடுப்பவருக்கு வரிக் கழிவு கிடைக்கும். அந்த அங்கீகாரம் இல்லாத சிறு சங்கம், அங்கீகாரம் உள்ள பெரிய அமைப்பு ஒன்றின் வழியாகப் பணத்தைப் பெற நேரலாம். அப்போது அந்தப் பெரிய அமைப்பின் விருப்பங்களும் சேர்ந்துகொள்ளும்.

## பல்கலைக்கழகத்தின் வழியே

உயர்கல்வி அமைச்சின் அடிப்படை ஆய்வு மானியத் திட்டமான எஃப்.ஆர்.ஜி.எஸ். போன்றவற்றுக்கு விண்ணப்பிக்கும் தலைமை ஆய்வாளர் உயர்கல்விக் கழகத்தின் கல்வியாளராக இருக்க வேண்டும். ஊர்க் குழு நேரடியாக விண்ணப்பிக்க இயலாது. பங்காளியாகவே நிற்க முடியும். கெடாவின் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் உட்பட, மருத்துவப் புலம் உள்ள கழகங்களில் சமூக மருத்துவத் துறையை அணுகுவது முதற்படி.

இங்கே யோசனை ஆய்வுக் கட்டுரையின் பக்கம் வளையும். ஆய்வாளரின் கடமைப் பட்டியலில் கட்டுரை வெளியீடும், முதுநிலை மாணவர் பட்டம் பெறுவதும் இருக்கின்றன. நம் கேள்வி "இதனால் எங்கள் மக்களுக்கு என்ன பயன்" என்பது. அவர்கள் கேள்வி "இதில் இதுவரை அறியப்படாதது என்ன" என்பது. இரண்டும் ஒன்றுபடும் இடத்தில் இந்த வழி மிகச் சிறந்தது, வெயில் யோசனை அத்தகைய இடம். இனம், குடியுரிமை என்ற எல்லை இல்லை. ஆய்வகம் உண்டு. பாதிப்பு இல்லை என்று முடிவு வந்தாலும் அது ஒரு கண்டுபிடிப்பாகவே மதிக்கப்படும். தோல்வியை இந்த அளவுக்குத் தாங்கும் வேறு வழி உள்நாட்டில் இல்லை.

காலச் செலவு பெரிது. பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு ஒப்புதல் வேண்டும். அரசு மருத்துவமனை நோயாளிகளையோ பதிவேடுகளையோ தொட்டால், தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்து, சுகாதார அமைச்சின் மருத்துவ ஆய்வு, நெறிமுறைக் குழுவின் ஒப்புதலையும் பெற வேண்டும். இதில் எரிச்சல் கொள்ள எதுவுமில்லை. குலை வெட்டும் ஒருவரின் ரத்த முடிவு மேலாளரின் கைக்குப் போனால், வேலை அனுமதிச் சீட்டை நம்பி வாழும் அவர் எந்த நிலைக்கு ஆளாவார் என்று எண்ணிப் பார்த்தால், அந்த ஒப்புதல் யாருக்காக இருக்கிறது என்பது விளங்கும்.

கவனிக்க வேண்டியது தகவலின் உரிமை. நம் ஊர் மக்கள் கொடுத்த ரத்தமும் நேரமும் எண்களாக மாறிய பிறகு அவை பல்கலைக்கழகக் கணினியில் இருக்கும். தொழிலாளர்களுக்கு அவரவர் முடிவை அவரவர் மொழியில் சொல்வது யார் பொறுப்பு, முடிவு மோசமானால் எந்த மருத்துவமனைக்கு அனுப்புவது, ஊரில் ஒரு விளக்கக் கூட்டம் எப்போது என்பன எழுத்தில் இல்லாவிட்டால், ஆய்வு முடிந்ததும் எல்லாரும் போய்விடுவார்கள்.

## தூதரகங்களின் சிறு மானியங்கள்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஜப்பானியத் தூதரகங்கள் வழங்கும் அடிமட்ட மனிதப் பாதுகாப்பு உதவி கட்டடம், வாகனம், கருவி போன்றவற்றுக்கு ஏற்றது. சம்பளத்துக்கும் அன்றாடச் செலவுக்கும் அன்று. ஆஸ்திரேலியத் தூதரகத்தின் நேரடி உதவித் திட்டம் சிறிய தொகை, சற்று நெகிழ்வானது. நோயாளிகளை ஏற்றிச் செல்லும் வேன் ஒன்று தேவையென்றால் முதலாவதை நாடலாம். ஆனால் வேன் வந்த பின் ஓட்டுநர் சம்பளம், சாலை வரி, காப்புறுதி, டயர் எல்லாம் குழுவின் தலையில் விழும். இலவசமாகக் கிடைத்த வாகனமே ஒரு சிறு சங்கத்தைக் கடனாளியாக்கிவிடலாம்.

## வெளிநாட்டுச் சவால் நிதிகள்

துணிச்சலான யோசனைகளுக்கென்றே பணம் ஒதுக்கும் மரபு வெளிநாட்டில் உண்டு. கேட்ஸ் அறக்கட்டளை 2008-இல் தொடங்கிய கிராண்ட் சேலஞ்சஸ் எக்ஸ்ப்ளோரேஷன்ஸ் திட்டம், இரண்டு பக்க விண்ணப்பத்தைப் பார்த்து, முன்னோட்டச் சான்று எதையும் கேட்காமல் 1,00,000 அமெரிக்க டாலர் கொடுத்தது. முதற்கட்டம் பலித்தவர்களுக்கு 10 லட்சம் டாலர் வரை அடுத்த கட்டம் இருந்தது. 2010-இல் தொடங்கிய கிராண்ட் சேலஞ்சஸ் கனடா, 1,00,000 கனடிய டாலர் அளவிலான விதைப் பணத்தை வழங்கியது. அமெரிக்காவின் ராபர்ட் வுட் ஜான்சன் அறக்கட்டளை, வருங்காலத்தில் சுகாதாரச் சமத்துவத்தை முன்னெடுக்கும் வழக்கத்துக்கு மாறான யோசனைகளை வெளிப்படையாகவே கேட்கிறது; ஆனால் விண்ணப்பிக்கும் அமைப்பு அமெரிக்காவிலோ அதன் ஆட்சிப் பகுதிகளிலோ இருக்க வேண்டும் என்பதால் நமக்கு அது நேரடியாகப் பயன்படாது. அறிவிப்பின் தலைப்பை மட்டும் படித்துவிட்டு வாரக் கணக்கில் எழுதி ஏமாறுவோர் இருக்கிறார்கள். தகுதிப் பிரிவை முதலில் படிக்க வேண்டும்.

இந்த நிதிகளில் எனக்கு வியப்பூட்டுவது நியூசிலாந்தின் சுகாதார ஆய்வு மன்றம் 2013 முதல் கையாளும் முறை. புதுமையும் நடைமுறைச் சாத்தியமும் உள்ளனவா என்று மட்டும் நிபுணர் குழு பார்க்கிறது; அந்தத் தகுதியைத் தாண்டியவற்றுள் யாருக்குக் கொடுப்பது என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. நிபுணர்கள் மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தினால் பாதுகாப்பான யோசனைகளே மேலே வரும் என்பதே இதன் பின்னாலுள்ள எண்ணம். அந்நாட்டு ஆய்வாளருக்கான பணம் அது. ஆயினும் நம் ஊர் விண்ணப்பம் ஒன்று நிராகரிக்கப்பட்டால் யோசனை மட்டம் என்று பொருளாகாது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் சான்று எனக்குத் தெரியவில்லை.

வளைவு என்று பார்த்தால், இவை தலைப்பை அவர்களே அறிவித்து நடத்துகிற சுற்றுகள்; அந்தத் தலைப்புக்குள் நம் தேவையைத் திணிக்க வேண்டும். உலகின் எந்த மூலைக்கும் விரியத்தக்க தொழில்நுட்பத்தின் மீது ஈர்ப்பு அதிகம். துணையாள் கூலி இங்கே கைப்பேசிச் செயலியாக மாறிவிடும். மறைசெலவுகளும் கனமானவை: ஆங்கிலத்தில் எழுதும் உழைப்பு, நாணய மாற்றம், அமெரிக்க அறக்கட்டளைகள் வெளிநாட்டு அமைப்புக்குக் கொடுக்கும் பணத்தின் செலவைத் தொடர்ந்து கண்காணித்தாக வேண்டிய சட்டக் கடப்பாடு ஆகியவை சிறு சங்கத்தின் தோளுக்குப் பெரிய பாரம். 2025-இல் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனம் சில மாதங்களில் கலைக்கப்பட்டபோது, அதை நம்பியிருந்த சுகாதாரத் திட்டங்கள் பல நாடுகளில் நடுவழியில் நின்றன. தனியார் அறக்கட்டளைகள் வேறுதான். ஆனாலும் தொலைவிலிருக்கும் பணம் நம்மைக் கேட்டுவிட்டு நிற்பதில்லை.

வெயில் யோசனை முதற்கட்டத்தில் ஏதேனும் காட்டினால், பல்கலைக்கழகப் பங்காளியைத் தலைமையாக வைத்து இங்கே போகலாம். முதல் முயற்சியாக வேண்டாம்.

## நம் கைப்பணம்

மானியக் கட்டுரையில் இதைச் சேர்ப்பது சிலருக்கு விந்தையாகப் படலாம். 1950-களின் பிற்பகுதியில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, தோட்டத் தொழிலாளரே மாதம் பத்து வெள்ளி போட்டுத் தோட்டம் வாங்கலாம் என்பது எந்தக் கொடையாளரும் ஏற்றிருக்கமாட்டாத யோசனை. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அந்தப் பணத்தில்தான் தொடங்கினார். நம் ஊரின் புதுமைக்கு முன்மாதிரி வெளியே தேட வேண்டியதில்லை.

கணக்கும் இயலாததன்று. நாற்பது குடும்பங்கள் மாதம் 20 ரிங்கிட் கொடுத்தால் ஆண்டுக்கு 9,600 ரிங்கிட். நாள்கூலியும் பயணச் செலவும் சேர்த்து ஒரு முறைக்கு 100 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டாலும் 96 பயணங்களுக்குப் போதும். ஆண்டுக்கு நான்கு முறை நிபுணரைப் பார்க்க வேண்டிய இருபத்து நான்கு முதியவர்கள் அதில் அடங்குவர். எந்தப் படிவமும் இல்லாமல், யாருடைய நிதியாண்டுக்கும் காத்திராமல், தீபாவளி மாதத்தில் ஆள் வராது என்பது போன்ற உள்ளூர் அறிவோடு இதை நடத்தலாம். யோசனை சற்றும் வளையாது.

இதற்கும் மறைசெலவு உண்டு, அது பணமாக வெளிப்படுவதில்லை. யாருக்கு முதலில் என்ற கேள்வியில் உறவும் பகையும் நுழையும். நிர்வாகக் குழுத் தலைவரின் மைத்துனருக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது என்ற பேச்சு எழுந்தால் ஒரு மாதத்தில் நிதி வற்றிவிடும். தேர்வு விதியை முன்கூட்டியே எழுதி, கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டி, தேர்வு செய்பவர்களில் ஒருவரேனும் அடுத்த ஊர்க்காரராக இருக்குமாறு செய்வது உதவும். சட்டமும் இருக்கிறது: வீடு வீடாகவோ தெருவிலோ வசூலிக்க 1947-ஆம் ஆண்டு வசூல் சட்டத்தின்படி அனுமதி வேண்டும். மாதச் சந்தாவைக் கூட்டுப் பணம் (சீட்டு) போலச் சுழற்றி ஏலம் விடும் எண்ணம் யாருக்கேனும் தோன்றினால், 1971-ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகைய கூட்டு நடத்துவதைத் தடை செய்திருக்கிறது என்பதை உடனே சொல்லிவிட வேண்டும். பதிவு பெற்ற சங்கத்தின் உறுப்பினர் சந்தாவாக, வங்கிக் கணக்கின் வழியே பெறுவதே பாதுகாப்பு.

## ஒரே பார்வையில்

| வழி | யோசனை வளையும் திசை | பெரிய மறைசெலவு | ஏற்ற நேரம் |
|---|---|---|---|
| மித்ரா | தலையெண்ணிக்கை, பெரிய நிகழ்ச்சி | தாமதம், இந்தியர் மட்டும் என்ற எல்லை | சோதித்த யோசனையை விரிக்கும்போது |
| நிறுவன அறவாரியம் | புகைப்படம், விழா | முடிவின் நம்பகத்தன்மை, இடை அமைப்பின் தலையீடு | கணக்கும் அளவீடும் கற்க விரும்பும் குழுவுக்கு |
| பல்கலைக்கழகம் | ஆய்வுக் கட்டுரை | ஒப்புதல் காலம், தகவல் உரிமை | விடை தெரியாத மருத்துவக் கேள்விக்கு |
| தூதரகம் | பொருள், வாகனம் | பராமரிப்பு | ஒரே ஒரு கருவி தேவைப்படும்போது |
| வெளிநாட்டுச் சவால் நிதி | தொழில்நுட்பம், உலகளாவிய விரிவு | கண்காணிப்பு அறிக்கைகள், நிச்சயமின்மை | முதற்கட்டச் சான்று கையில் உள்ளபோது |
| கைப்பணம் | வளைவில்லை | ஊர்ப்பகை, சிறிய அளவு | முதல் ஆண்டுக்கு |

## இரண்டு யோசனைகளுக்கும் என் தேர்வு

துணையாள் கூலிக்கு முதலாண்டு கைப்பணமே. அந்த ஆண்டில் ஒரு நோட்டுப் புத்தகம் போதும்: சந்திப்புத் தேதி, போனாரா, உடன் சென்றவர் யார், கொடுத்தது எவ்வளவு. இதைக் குடும்பத்தினரிடமே கேட்டு எழுத வேண்டும். மருத்துவமனைப் பதிவேட்டைக் கேட்கத் தொடங்கினால் அது ஆய்வாகிவிடும், ஒப்புதல் இல்லாமல் நடத்த முடியாது. கூலி கொடுத்தும் வருகை கூடவில்லை என்றால் தடை பணத்தில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது என்பது பத்தாயிரம் ரிங்கிட்டுக்குள் தெரிந்துவிடும். கூடினால், அந்த நோட்டுப் புத்தகத்தோடு அறவாரியம் ஒன்றிடம் இரண்டாம் ஆண்டுக்கும், மித்ராவிடம் அதற்கடுத்த விரிவுக்கும் போகலாம். தெமியார் குடும்பங்களை முதலாண்டிலேயே சேர்த்துவிட வேண்டும் என்பது என் வலியுறுத்தல், ஏனெனில் பின்னால் வரும் பணத்தின் விதி அவர்களைச் சேர்க்க இடம் தராது போகலாம். தொடக்கத்திலேயே இருப்பவர்களை நீக்குவது குழுவுக்குக் கூச்சத்தைத் தரும், நீக்காமலிருக்க வேறு பணம் தேடும்.

வெயில் யோசனைக்குப் பல்கலைக்கழகம். அறவாரியப் பணம் முதற்கட்டத்தில் வேண்டாம், தூதரக மானியத்தில் வெப்பமானி வாங்கித் தொடங்கும் ஆசையும் வேண்டாம். ஆய்வாளர் எந்தக் கருவியை ஏற்பார் என்பது தெரியும் முன் வாங்கிய கருவி அலமாரியில்தான் இருக்கும். வேலை வரிசை இப்படி அமைவது நல்லது: முதலில் தோட்ட நிர்வாகத்தின் இசைவுக் கடிதம், அடுத்து பல்கலைக்கழகத்தோடு எழுத்து ஒப்பந்தம், அதன் பிறகே நெறிமுறை விண்ணப்பம். ஒப்பந்தத்தில் தனிநபர் முடிவு நிர்வாகத்துக்குப் போகாது என்ற பிரிவும், தமிழ், மலாய், வங்காளி மொழிகளில் முடிவை விளக்கும் கூட்டத்துக்கான செலவு மானியத் தொகையிலேயே ஒதுக்கப்படும் என்ற பிரிவும் இருக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்றை ஏற்க ஆய்வாளர் தயங்கினால், வேறு ஆய்வாளரைத் தேடுவதற்கு ஆகும் தாமதம் ஏற்கத்தக்கதே.